ஏழு சீட்டு

முத்தியால்பேட்டையில் சின்னப்பாப்பா வீட்டு முன்னறையில் பதினேழு பேரோடு தொடங்கிய சபை அது. பத்து வருஷம் கழித்து, 2006இல், தட்டாஞ்சாவடியில் மூடிக்கிடந்த ஒரு பட்டறைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து இருநூறு நாற்காலி போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வளர்த்தது பாஸ்டர் ராஜவேல்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். உள்விஷயம் அவர் மனைவி பூர்ணிமாவுக்குத் தெரியும். யார் உடம்பு முடியாமல் படுத்தாலும், யார் வீட்டில் அடிதடி நடந்தாலும், கஞ்சித் தூக்கோடு முதலில் போய் நிற்பவள் சின்னப்பாப்பா. அவள் போன வீட்டில் பாதிப் பேர் அடுத்த ஞாயிறு அவள் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.

அவளிடம் ஒரே ஒரு தொல்லை. ஆராதனையில், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல எழுந்தால் லேசில் உட்கார மாட்டாள். புருஷன் வடிவேல் குடித்துவிட்டு வந்து கூரையைக் கொளுத்திய கதையில் ஆரம்பித்து, ஒவ்வொரு வருஷமாகக் கடந்து, இந்த வாரத்துக்கு வந்து சேர அரை மணி நேரம் பிடிக்கும். முன்னறைக் காலத்தில் யாரும் அதைத் தொல்லையாக நினைத்ததில்லை. கூடவே அழுவார்கள், நடுவில் சிரிப்பார்கள். முடிந்ததும் பெண்கள் அவளைச் சுற்றி நின்று ஜெபிப்பார்கள்.

அந்த வருஷம் ராஜவேல் சென்னையில் சபை வளர்ச்சிக் கருத்தரங்கு ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? ஆராதனை ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டுமாம். அதுதான் ஆரோக்கியமான சபைக்கு அழகாம்.

"சாட்சி சொல்றவங்க சனிக்கெழமைக்குள்ள ஒரு சீட்டுல பேரு, விஷயம் ரெண்டும் எழுதிப் பெட்டியில போட்டுடட்டும். நீ பாத்து அஞ்சு பேருக்கு ரெண்டு ரெண்டு நிமிஷம் குடு, பூர்ணி."

பூர்ணிமாவுக்கும் அது சரியாகவே பட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சின்னப்பாப்பாவுக்கு எழுதத் தெரியாது. தன் பேரை மட்டும் எழுதுவாள். அதுவும் பூர்ணிமா கற்றுக்கொடுத்ததுதான். ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கக் கூச்சமாயிருக்கிறது என்று ஒருநாள் கண்கலங்கியவளை உட்காரவைத்து, கையைப் பிடித்து எழுதவைத்தாள்.

முதல் சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு. 'சின்னப்பாப்பா'. அவ்வளவுதான், விஷயம் இல்லை. பூர்ணிமா சிரித்தபடி அதை பைபிளுக்குள் செருகிவைத்தாள். விஷயம் என்ன பெரிய விஷயம், அதே கூரை, அதே வடிவேல். அடுத்த வாரமும் அதே சீட்டு. மூன்றாவது சீட்டு வந்த ஞாயிறு, வாசலில் வைத்து சின்னப்பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த, பாஸ்டரம்மா. நம்ம பொம்பளைங்க கிட்ட மட்டும்..."

"சீட்டுல எழுதிப் போடுக்கா. புதுசா வந்தவங்க நிக்கிறாங்க பாரு."

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். இன்னும் நாலு சீட்டு வந்தது. எல்லாம் பைபிளுக்குள்ளேயே போயின. எட்டாவது சனிக்கிழமை வரவில்லை. பூர்ணிமா அதைக் கவனிக்காமல் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சொல்லவே வாய் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரம், சின்னப்பாப்பாவின் பக்கத்து வீட்டு வசந்தா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். சபைப் பக்கமே வராதவள்.

"ஒங்க ஆளு பெரியாஸ்பத்திரியில கெடக்குது. இத்தினி பேரு இருக்கீங்களே, ஒருத்தருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. இருநூறு நாற்காலியில் ஒன்று காலியாயிருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

மார்பில் கட்டி. ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் பாதி உடம்புதான் மிச்சமிருந்தது.

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

சின்னப்பாப்பாவுக்குக் கோபமே இல்லை. அதைத்தான் பூர்ணிமாவால் தாங்க முடியவில்லை.

"பேரு எழுதிப் போட்டேனேம்மா. மத்தத யார வுட்டு எழுதுறது? பக்கத்து வூட்டுப் புள்ளைங்களக் கூப்ட்டு, மார்ல கட்டின்னு எழுதச் சொல்றதா? பேரப் பாத்தா நீ கூப்டுவேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பூர்ணிமா கட்டில் கம்பியில் தலையை வைத்து அழுதாள். செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

"அழுவாத. இப்ப சொல்லட்டா?"

"சொல்லுக்கா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள். கூரை எரிந்தது. வடிவேல் ஊரைவிட்டே ஓடிப்போனான். முன்னறையில் பதினேழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். குரல் போய்ப் போய் வந்தது. பூர்ணிமா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டாஞ்சாவடிக்கு முதல் நாற்காலியைத் தூக்கிவந்த கட்டம் வந்ததும் சின்னப்பாப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"மிச்சத்த நாளைக்கு சொல்றேன்மா."

மறுநாள் பூர்ணிமா கஞ்சித் தூக்கோடு போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, வழக்கம்போல ராஜவேல் மைக்கில் எண்ணிக்கை சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கைதட்டினார்கள். பிறகு சாட்சி நேரம் என்று பூர்ணிமாவைக் கூப்பிட்டார்.

அவள் அந்த வாரத்துச் சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, பைபிளைத் திறந்து பழைய சீட்டுகளை எடுத்தாள். முதலாவதை வாசித்தாள்.

"சின்னப்பாப்பா."

இரண்டாவதை எடுத்தாள்.

"சின்னப்பாப்பா."

பின்வரிசையில் இருந்தவர்கள் அது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். முன்னறைக் காலத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டார். பூர்ணிமா நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, உரக்க, கடைசிச் சீட்டு வரை வாசித்தாள்.

ஏழையும் வாசித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.