தங்கை போட்ட ஓட்டு

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், "நிரூபிக்க முடியும்க்கா, ஆனா மாட்டேன்" என்று கைபேசியில் சொன்னாள். ரகசியம் காப்பதைப் பற்றிய கதைக்கு இதைவிடக் கேவலமான பிறப்பு கிடையாது. மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அக்கா தன் பதவியை இழ—'

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் மழைக்கு வேலையில்லை.)

நேராகவே சொல்கிறேன். அக்கா, ஒரு சரக்குக் கிடங்கின் தொழிலாளர் சங்கத் தலைவி. அவளை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு. தங்கைக்கு அதே கிடங்கில் கணினி வேலை. ஓட்டுப் போடும் செயலியை எழுதியவளும் அவள்தான். ஓட்டுகள் பிளாக்செயினில் ஏறும். அதாவது, பதிவு எல்லோர் கணினியிலும் இருக்கும். யாரும் பார்க்கலாம், யாராலும் திருத்த முடியாது. ஊரே பார்க்கிற இடத்தில் ரகசிய ஓட்டா? அதற்குத்தான் பூஜ்ய அறிவுச் சான்று என்றொரு கணக்கு. போட்டவர் உறுப்பினர்தான், ஒருமுறைதான் போட்டார் என்பதை அது நிரூபிக்கும். யார், எந்தப் பக்கம் என்று மூச்சு விடாது.

(எப்படி என்று என்னைக் குடையாதீர்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.)

3

ஒரே ஓட்டில் அக்கா தோற்றாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ எந்தப் பக்கம் போட்ட?"

"அது ரகசியம்க்கா."

"எங்கிட்டயுமா?"

இந்த இடத்தில் தங்கையை நானே நம்பவில்லை. இவ்வளவு அழுத்தக்காரி இருப்பாளா? சுலபமாக விடக்கூடாது என்று அவளுக்கு ஒரு தவறு கொடுத்தேன். ஓட்டைப் பூட்டிய ரகசிய எண்ணை, போட்ட கையோடு எல்லோர் கைபேசியும் அழித்துவிடும். 'திறந்து காட்டு' என்று யாரும் யாரையும் மிரட்டக்கூடாதென்று அவள் செய்த ஏற்பாடு. தன் கைபேசியில் மட்டும், எண்ணை அழிக்காத சோதனைப் பதிப்பை மாற்ற மறந்துவிட்டாள். எண் அப்படியே இருந்தது. அக்காவிடம் அதை உளறியும் விட்டாள்.

"அப்ப காட்டு. எனக்கு நிம்மதியாவது மிஞ்சும்."

"நான் காட்டினா, காட்ட முடியும்னு ஆயிடும். அப்புறம் 'எங்கிட்ட எண் இல்ல'ன்னு சொல்றவங்கள யாரு நம்புவா? மேலாளர் ஒவ்வொருத்தரையா உள்ள கூப்பிடுவாரு."

"அந்தத் தொழிலாளிங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவ நான். எனக்கே பாடம் எடுக்கறியா?"

4

முடிவு (அ): தங்கை அக்காவுக்குத்தான் போட்டிருந்தாள். எண்ணை அழிக்கிறாள்.

முடிவு (ஆ): அக்காவுக்கு எதிராகப் போட்டிருந்தாள். எண்ணை அழிக்கிறாள்.

இரண்டையும் விரிவாக எழுதிப் பார்த்தேன். முகம், கை, அழித்த பிறகு தண்ணீர் குடித்தது, எல்லாம் ஒன்றாகவே வந்தன. வித்தியாசம் தேடிச் சலித்துப்போனேன். அவள்மேல் எனக்கு எரிச்சல், கொஞ்சம் மரியாதையும்தான்.

5

அக்காவின் பதிலை நான் எழுதப்போவதில்லை. அவள் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். எண் அழிந்துவிட்டது, தங்கையால் இனி எதையும் நிரூபிக்க முடியாது. இப்போதுதான் அவள் வாயைத் திறக்கிறாள்.

"உனக்குத்தான்க்கா போட்டேன்."

இரண்டு முடிவுகளிலும் இதையேதான் சொல்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?