சாத்தியே கிடந்த நீல ஜன்னல்

வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கும் மீட்டர்காரிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. வேலைக்குப் போகும் வழியிலிருந்த அந்தப் புறநகர்த் தெருமுனையை, அதே இடத்தில் நின்று, வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது படங்கள் எடுத்திருந்தாள். பத்தாவதும் சேர்ந்தால் நூலகச் சுவரில் மாட்டுவார்களாம். ஆனால் படத்தில் வரும் தண்ணீர்த் தொட்டியை இன்றைக்கு இடிக்கிறார்கள். கிரேன் வந்து நின்றுவிட்டது.

அவள் நின்ற இடத்தைத்தான் காணோம். போன வருடம் அது காலி மனை. இப்போது மூன்று மாடி, கீழே வரிசையாகக் கடைகள்.

"குத்துமதிப்பா நின்னு எடுங்களேன் அண்ணி," என்றாள், பழைய படத்தோடு கூடவே ஓடிவந்த நாத்தனார்.

"ஒரு அடி தள்ளினாலும் போச்சு. தொட்டியோட வலது காலுக்குப் பின்னாடி தூரத்துல தெரியுற அந்தப் புகைபோக்கி மறையணும்."

இருவரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். புகைபோக்கி மறைந்தபோது பின்னால் ஒரு சலூன். பழைய படத்தின் அளவு வர இன்னும் நாலடி பின்னால், சலூனுக்குள்ளேயே போகவேண்டும். போனாள். அங்கே நாற்காலியில் பாதி முகம் நுரையோடு ஒருவர்.

"அண்ணே, ஒரே நிமிஷம் எந்திரிங்க."

அவர் அவளுடைய ஆபீஸ் சட்டையையும் கேமராவையும் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"இங்கயும் வந்துட்டீங்களாம்மா? பிள்ளைங்களுக்காகக் கட்டின ஒரே ஒரு ரூம். அனுமதி வாங்காதது தப்புதான்."

"எந்த ரூம்?"

"எதிர்ல எங்க வீட்டு மாடி, நீல ஜன்னல். வருஷா வருஷம் படம் எடுக்க வர்றீங்க. உங்க தலை தெரிஞ்சதும் சாத்திடுவேன்."

மீட்டர்காரிக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஒன்பது படங்களின் கீழும், மூடிய அந்த ஜன்னலைப் பார்த்து 'ஆளில்லாத வீடு' என்று உருகி உருகி எழுதி வைத்திருந்தாள்.

"நான் மீட்டர் பாக்கிறவ அண்ணே. எடுத்தது தெருவை."

அவர் சட்டென்று எழுந்தார். வெளியே கிரேனின் இரும்புக் கயிறு விறைத்தது.

"அப்ப இருங்க, எடுத்துடாதீங்க," என்று கழுத்துத் துண்டோடு தெருவைத் தாண்டி ஓடினார்.

அவள் நாற்காலியில் மண்டியிட்டாள். நாத்தனார் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

படத்தில் தொட்டி சாயத் தொடங்கியிருக்கிறது. நீல ஜன்னல் திறந்திருக்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், நடுவில் பாதி நுரையோடு அவர். நான்கு பேரும் கையாட்டுகிறார்கள். அதன் கீழே மீட்டர்காரி ஒன்றும் எழுதவில்லை.