பூரிக்குள் குடித்தனம்

மரகதவல்லியின் நாய் பூரிக்குள் ஒரு கிருமிக் குடும்பம் குடிவந்திருந்தது. உண்ணியில் ஏறி வந்து, காதோரம் இறங்கி, ரத்தத்தில் ஒரு வெள்ளை அணுவைப் பிடித்துப் பால் காய்ச்சிவிட்டார்கள். அன்றிலிருந்து பூரிக்குக் காய்ச்சல். சோற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கால்நடை டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதால் மாத்திரை போய்ச்சேர நேரமாகும், அதற்குள் அடுத்தடுத்த அணுவுக்கும் பரவினால் நாய் பிழைக்காது என்றார். யாராவது நேரில் போய்ப் பேசினால் தேவலையாம். பிள்ளையில்லாத அந்த வீட்டில் பூரிதான் பிள்ளை. விடுவாளா மரகதவல்லி? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காது வழியாக உள்ளே போனாள். கணவர் தணிகாசலம் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே சந்து நடக்க நடக்க நீண்டது. அவளும் சளைக்காமல் நடந்தாள். ஒரு வாசலில் மாவிலை கட்டியிருந்தது. தட்டினாள்.

குடும்பத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து திறந்தார். ஒரே அறை. எள் போட்டால் விழ இடமில்லாமல் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் அவர் முகம். காபி கொடுத்தார்கள். அது பூரியின் உடம்புச் சூட்டில் கொதித்த காபி. குடிக்காமல் வைத்துவிட்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்னாள்.

“ஆடி மாசத்துல யாராச்சும் வீடு மாத்துவாங்களாக்கா?” என்றார் அவர்.

நியாயம்தானே. கூடப்பிறந்த தம்பி ஆடியில் வீடு மாற்றினாலும் சண்டைக்குப் போகிறவள் அவள்.

அந்த நேரம் பார்த்து மூத்தவன் பாயும் பாத்திரமுமாகக் கிளம்பினான். இங்கே இடம் பத்தவில்லை, பக்கத்து அணுவுக்குத் தனிக்குடித்தனம் போகிறான் என்று அவன் அம்மா பெருமையாகச் சொன்னாள். அவன் பின்னால் அடுத்தவனும் பாயைச் சுருட்டினான்.

“ஆடியில இவன் மட்டும் போலாமா?” என்றாள் மரகதவல்லி.

“சின்னஞ்சிறுசுங்கக்கா. அதுகளுக்கு என்ன ஆடி?”

இது அடுக்குமா? மரகதவல்லி முந்தானையை விரித்து, வாசலுக்குக் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டாள். படுத்திருக்கிற ஆளைத் தாண்டக் கூடாது. எந்த வீட்டிலும் அது சட்டம். மூத்தவன் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான். பெற்றவளே அந்தக் காலில் ஒன்று போட்டாள்.

எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். பிள்ளைகள் பெருகிக்கொண்டே இருந்தார்கள். சுவர் புடைத்தது. தூரத்தில் மாத்திரை வழி விசாரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அடுத்த அணுவுக்குப் பரவ வழியில்லாததால் பூரியின் சூடு மெல்லத் தணிந்தது.

காது வழியாகத் தணிகாசலத்தின் குரல் கேட்டது. “பூரி எந்திரிச்சுட்டான். நீ வா மரகதம்.”

“நான் எந்திரிச்சா இதுக கெளம்பிரும். ஆடி முடியட்டும்ங்க.”

தரை அசைந்தது. பூரி நடக்கிறது. அடுப்படிக்குப் போனது. கட்டிலுக்கடியில் பார்த்தது. கொடியில் கிடந்த அவள் சேலையை முகர்ந்து முனகியது. பிறகு தெருவாசலுக்குப் போய், வராத ஆளைப் பார்த்துக் குரைத்தது. மரகதவல்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இங்கதான்டா இருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு, நிலைப்படியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.