சத்தம் மட்டும் வருகிறது

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், வயதில் மூத்தவர்கள்கூட. அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அவளைக் கண்டால் தொண்டைக்குள்ளிருந்து "ங்ஆ" என்று ஒரு சத்தம் கிளம்பும். அது அவளுக்கு மட்டுமான சத்தம். அம்மாவைக் கூப்பிடத் தரையைக் காலால் தட்டுவானே தவிர, இதைப் போடமாட்டான்.

காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கு அவனை அனுப்ப அந்த வீட்டில் வசதி இல்லை. அதனால் அம்மாவும் அக்காவும் அவனுமாகக் கைகளாலேயே ஒரு பேச்சைப் பேசப் பழகிக்கொண்டார்கள். தண்ணீருக்கு ஒன்று, பசிக்கு ஒன்று என்று தொடங்கி, போகப் போகக் கோபித்துக்கொள்ளவும் கோள் சொல்லவும், எதிர்வீட்டுக்காரரின் நடையைக் கிண்டல் பண்ணவும் போதுமானதாக அது வளர்ந்துவிட்டது. வெளியாள் யாருக்கும் அதில் ஒன்றும் புரியாது. அம்மா போன பிறகு அது தெரிந்தவர்கள் அக்காவும் தம்பியும் மட்டும்தான்.

தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் ஜன்னல் கண்ணாடி அறுக்கும் வேலை பார்த்தான். கடைக்கு மேலேயே ஒரு அறையில் தனியாகக் குடியிருந்தான். கடை முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை அவனுக்கே கொடுத்துவிட்டார். அதோடு ஒரு சின்னக் கேமராவும் இருந்தது. அக்காவின் கணவர் பஸ் டிரைவர். அவரைத் தூரத்து டிப்போவுக்கு மாற்றி, அவளும் அங்கே குடிபோனதும், தம்பியோடு வாராவாரம் நடந்த சந்திப்பு சில மாதங்களுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டது. போனில் பேச வழியில்லாதவனிடம் போனில் என்ன பேசுவது? போகும்போதெல்லாம் சேர்த்துவைத்துப் பேசிவிட்டு வருவாள்.

ஒரு காலையில் அவன் வேலைக்கு இறங்கி வரவில்லை. முதலாளி மாடியேறிக் கதவைத் தட்டினார். தட்டித் தட்டி ஓய்ந்த பிறகுதான், யாருக்காகத் தட்டுகிறோம் என்று அவருக்கு உறைத்தது. மாற்றுச் சாவி போட்டுத் திறந்தார். தூக்கத்திலேயே போயிருந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அறையைக் காலி செய்தபோது அவனுடைய துணிமணிகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை மட்டும் அக்கா விடவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வீட்டில் அதை மாட்டிப் பார்த்தால் உயிர் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது.

தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வேலை செய்கிறவர், அலட்டாமல் பேசுகிறவர். உள்ளே இருந்த பழைய சிஸ்டம் பழுதாகிவிட்டது என்று சொல்லி, அதே பழைய சிஸ்டத்தை மறுபடி புதிதாக ஏற்றினார். தம்பியின் ஃபைல்களை முதலிலேயே தனியாக எடுத்துவைத்துப் பத்திரமாகத் திருப்பி வைத்தார். வேலை முடிந்து அக்கா வந்தபோது, "உள்ள அக்கான்னு ஒரு ஃபோல்டர் இருக்குங்க. நிறைய வீடியோ," என்றார்.

தம்பிக்கு எழுதத் தெரிந்த சொற்கள் சொற்பம். தன் பெயர், கண்ணாடிக்கான அளவுகள், பிறகு அக்கா.

அவள் கடையிலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் முதல் வீடியோவைத் திறந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. மூச்சு வாங்கும் சத்தம், கையும் கையும் உரசும் சத்தம், உள்ளங்கையில் விரல் தட்டும் சத்தம். வெளியே ஒரு லாரி போனது. அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், விடாமல், வேகமாக. பிறகு "ங்ஆ" என்று கூப்பிட்டான்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

கடைக்காரர் வேறொரு வீடியோவைத் திறந்தார். அதிலும் அதேதான். எங்கோ பின்னால் கெட்டில் விசில் அடிக்கத் தொடங்கியது. அவனுக்கு அது கேட்கவில்லை. நாற்காலி கிரீச்சிட, கைகள் உரச, விசில் மேலும் மேலும் வீரிட்டது. தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. "அடுப்ப அணைடா," என்றாள் திரையைப் பார்த்து. கடைக்காரர் மெதுவாகச் சத்தத்தைக் குறைத்தார்.

அவர் விளக்கிச் சொன்னதை அவள் தன் மனதுக்குப் புரிந்த மாதிரி வாங்கிக்கொண்டாள். வீடியோ பெரிய மூட்டை. அதைச் சுருக்கிக் கட்டித்தான் வைக்க முடியும். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு விதமாக முடிச்சுப் போடுவான். இந்தக் கேமராக்காரன் போட்ட முடிச்சை அவிழ்க்க அந்தக் கேமராவோடு வந்த மென்பொருளுக்குத்தான் தெரியும். அது பழைய சிஸ்டத்தில் இருந்தது.

"அப்ப அது எங்க?" என்று கேட்டாள்.

"புதுசா ஏத்தும்போது போயிடுச்சு," என்றார் கடைக்காரர். பிறகு, "நான்தான் போக்கினேன். ஃபைலை மட்டும் காப்பாத்தினா போதும்னு நெனச்சேன்," என்றார்.

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. அடுத்த நாள் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் அவரிடம், "டிரைவர் இல்ல சார், அதான் பிரச்சனையே," என்றார். "நான் வந்துட்டேனே," என்றார் கணவர். கேமராவை இயக்குகிற மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயராம். யாரும் சிரிக்கவில்லை என்றாலும், இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்தது.

அதன் பிறகு செய்யாத முயற்சி இல்லை. வீடியோக்களில் சிலவற்றைக் கடைக்காரரின் புதிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் சத்தம்தான். அது என்ன ரகம் என்றே அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. கேமரா செய்த கம்பெனியை இணையத்தில் தேடினால், எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள் என்று தெரிந்தது. அக்கா விடுப்புப் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கேமரா வந்த பெட்டி, அதற்குள் இருந்த சிடி, ஏதாவது இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் பரண்மேல் ஏறி அட்டைப்பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துக் கொட்டிக் காட்டினார். பிறகு தலையில் தூசியோடு இறங்கிவந்து, அந்தப் பெட்டியைப் பழைய பேப்பரோடு போட்டதாகத்தான் ஞாபகம் என்றார். இவ்வளவு பாடுபட்டவரிடம் வேறென்ன கேட்பது?

கடைக்காரரும் விடவில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் பித்துப் பிடித்தவர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கங்களில் கேட்டு எழுதினார். பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில் யாரோ ஒருவர், அதே கம்பெனியின் வேறொரு கேமராவுக்கான மென்பொருள் தன்னிடம் இருக்கிறது என்று அனுப்பிவைத்தார். அதை ஏற்றியதும் கடைக்காரர் போன் செய்தார். அக்கா சலவைக்கூடத்திலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

படம் வந்தது. ஆனால் ஓடவில்லை. பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் பரவிக்கிடந்த திரையில் தம்பியின் முகம் தெரிந்தது. அப்படியே உறைந்து நின்றது. சத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, வெகுநேரம் கழித்துப் படம் ஒருமுறை துள்ளி வேறொரு இடத்தில் உறைந்தது. கை இங்கே இருந்தது, அடுத்து அங்கே இருந்தது. நடுவில் அந்தக் கை என்ன செய்தது என்று தெரியவில்லை.

"ஏதாவது புரியுதாங்க?" என்று கடைக்காரர் ஆசையோடு கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பேச்சு என்பதே கை போகும் போக்கில்தான் இருக்கிறது. வா என்றாலும் போ என்றாலும் உள்ளங்கையைத் தூக்கித்தான் தொடங்க வேண்டும். எந்தப் பக்கம் அசைகிறது என்பதுதான் சொல். அசைவு போய்விட்டால் கை வெறும் கைதான்.

அப்படியும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சட்டை அவள் வாங்கிக் கொடுத்தது. இதில் தலைமுடி வெட்டியிருக்கிறான். இதில் விரலில் கட்டு, கண்ணாடி கிழித்திருக்கும். இதை அவளிடம் அவன் சொல்லவே இல்லை. ஒருவேளை இதில்தான் சொல்லிக்கொண்டிருந்தானோ என்னவோ.

கடைசி வீடியோ அவன் இறப்பதற்கு முந்தின வாரம் எடுத்தது. அதில் படம் துள்ளி உறைந்த ஓர் இடத்தில் வலது கை நெஞ்சின்மேல் இருந்தது.

கணவர் மாலையில் டூட்டி முடிந்து வந்தபோது அவள் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் அதே படம். அவர் அவள் தோளைத் தொட்டார்.

"நெஞ்சுல கைய வச்சு அழுத்தினா வலின்னு அர்த்தம்," என்றாள். "கைய வச்சு வட்டமா தேச்சா ஆசையா இருக்குன்னு அர்த்தம், பாக்கணும் போல இருக்குன்னு. ரெண்டும் இங்கதான் ஆரம்பிக்கும்."

கணவர் திரையைப் பார்த்தார். கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல எதுன்னு எனக்குத் தெரியல," என்றாள்.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கணவர் கேட்டார். முகத்தின் குறுக்கே பச்சைக் கோடு ஓடியிருந்தது. வாயும் கண்ணும் இருக்கவேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாக என்னவோ இருந்தது. சத்தத்தையாவது கேட்போம் என்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். துணியில் கை உரசும் சத்தம் கேட்டது. அழுத்தினாலும் உரசும், தேய்த்தாலும் உரசும். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். காதால் தெரிந்துகொள்ள அவன் எதையும் விட்டுவைக்கவில்லை.

வலி என்று அவன் சொல்லியிருந்து, அதை அவள் அன்றே பார்த்திருந்தால்? இந்த எண்ணம் அவளை விடவில்லை. சலவைக்கூடத்தில் போர்வைகளை மடிக்கும்போதும் கை பாதியில் நின்றுபோகும். நீ பார்த்திருக்க வழியே இல்லை, அவன் அனுப்பவே இல்லையே என்று கணவர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். சொல்வதெல்லாம் சரிதான். சரியாக இருந்து என்ன?

அந்த ஒரு நொடியையாவது சரிசெய்து தரமுடியுமா என்று அவள் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் எதையெதையோ ஏற்றி இறக்கினார். ஒருநாள் பழைய கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. அவர் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டார். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டது, இனிமேல் இதைப் போட்டால் மொத்தமும் போய்விடும் என்றார். நல்லவேளையாக எல்லா ஃபைல்களையும் நகல் எடுத்து வைத்திருந்தார். ஒரு சின்ன பென் டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

கொடுக்குமுன் அந்த நகல்களைச் சரிபார்த்தபோதுதான் ஒன்று தெரியவந்தது. ஃபோல்டரின் அடியில், இதுவரை கண்ணில் படாமல் கிடந்த ஒரு குட்டி வீடியோ மட்டும் புதிய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. கேமரா வந்த புதிதில், வேறு முறையில் சோதனைக்காக எடுத்திருக்க வேண்டும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தம்பி தெளிவாகத் தெரிந்தான். கேமராவுக்கு மிக அருகில் வந்து மூக்கைக் காட்டினான். பின்வாங்கித் தலையைச் சீவினான். கேமராவைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினான்: கட்டில், கொடியில் தொங்கும் சட்டை, ஜன்னல். ஜன்னலில் அவனே அறுத்துப் போட்ட கண்ணாடி. பிறகு கேமராவைக் கீழே வைத்தான். தன் முகம் திரையில் தெரிவதைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தான். கை எட்டி வந்தது. வீடியோ முடிந்தது.

ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் அதைப் பலமுறை பார்த்தாள். எத்தனை முறை பார்த்தாலும் அவன் பேசவில்லை.

"பத்திரமா வச்சுக்குங்க," என்றார் கடைக்காரர். "பின்னாடி யாராவது இதுக்கு ஒரு வழி கண்டுபிடிப்பாங்க. பத்து வருஷமோ இருபது வருஷமோ, ஃபைல் எங்கயும் போயிடாது."

"அப்ப அதப் படிக்க நான் இருக்கணுமே," என்றாள் அக்கா.

அவர் அதை யோசித்திருக்கவில்லை. வேறு யாருக்கும் தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்றாள். அந்தக் கைப்பேச்சு எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருகிற பேச்சு இல்லை என்று விளக்கினாள். கடைக்காரர், அப்படியானால் தெரிந்ததையெல்லாம் நீங்களே வீடியோ எடுத்து வைத்துவிடுங்கள் என்றார். கையால் செய்து, வாயால் பொருள் சொல்லிவிட்டால், பின்னாளில் யாராவது ஒப்பிட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது அவர் யோசனை.

கணவரின் வார விடுமுறை அன்று, சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா மேல் அவருடைய போனைச் சாய்த்து வைத்தார்கள். அக்கா எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் என்று செய்து காட்டினாள். பசி. தூக்கம். அதற்குமேல் கை எழவில்லை. உள்ளே எல்லாம் இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. எதிரில் ஆள் இல்லாமல், கேள்வி இல்லாமல், பதில் இல்லாமல் அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் பேசியதில்லை.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் போனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். "என்கிட்டப் பேசு. எனக்குப் புரியாட்டி பரவாயில்ல," என்றார்.

அது கொஞ்சம் உதவியது. மழை வந்தது, கோபம் வந்தது, விலை அதிகம் என்பதும் வந்தது. பஸ் என்பதற்கு அவள் செய்ததைப் பார்த்து, இது ஓட்டுகிற மாதிரி இல்லையே, நசுங்குகிற மாதிரி அல்லவா இருக்கிறது என்றார். உட்கார இடம் கிடைக்காதவர்கள் கண்டுபிடித்தது, அப்படித்தான் இருக்கும் என்றாள் அவள். அம்மா என்பதற்குக் காதோரம் விரலை வளைத்தாள், அம்மாவின் கம்மல். அக்கா என்பதற்குப் பின்னலை இழுப்பதுபோல் செய்தாள்.

"தம்பிக்கு?" என்று கேட்டார் கணவர்.

அவள் கையைத் தூக்கினாள். கை அந்தரத்தில் நின்றது. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அம்மாவும் அவளும் அவனைப் பற்றிப் பேசியதெல்லாம் வாயால்தான். கையால் பேசும்போது அவன் எப்போதும் எதிரிலேயே இருந்தான். அவன் பக்கம் விரலை நீட்டினால் போதும்.

"அவனுக்குன்னு ஒண்ணு வைக்கவே இல்லங்க," என்றாள்.

போன் ஓடிக்கொண்டிருந்தது. நீட்டிய விரலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அவள் அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.