பதினோரு துடைப்பம்

எங்கள் தெருவில் ஒரு மாமியார், தனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒரு வாரம் டிக் அடித்து, ஒவ்வொரு நாளுக்கும் முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சத்தியமாகத்தான் சொல்கிறேன். தன் தப்பை அரை வரி ஒப்புக்கொண்ட மாமியாரே பூமியில் இதுவரை கிடையாது. இதை நம்பாதவர்களில் முதல் ஆள் அவர் பெற்ற மகள்.

ஆரம்பித்தது ஒரு சிரிப்பில். சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மருமகள் பக்கென்று சிரித்துவிட்டாள். மாமியாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன் அத்தை."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கிற?"

அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் ஒரு டிக் விழுந்தது.

மருமகள் தையற்காரி. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு இருமுனைக் கோளாறு என்று டாக்டர் கண்டுபிடித்தார். சில வாரம் தூக்கமே இல்லாமல் பறப்பாள். சில வாரம் படுக்கையை விட்டு எழ முடியாது. அதனால் டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். எத்தனை மணி தூக்கம், பேச்சு வேகம் கூடியதா, ஒரே சமயத்தில் பல வேலை ஆரம்பித்ததா, காரணமில்லாத எரிச்சல் உண்டா என்று தினமும் குறிக்க வேண்டும். மூன்று டிக் சேர்ந்தால் உடனே வர வேண்டும். வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பதவியை மாமியார் பிடுங்கிக்கொண்டார். மருமகள் உப்பு குறைவு என்றால் எரிச்சல், ஒரு டிக். தான் பூட்டி வைத்த தையல் மெஷினின் சாவியை அவள் கேட்டால் வேகம், இன்னொரு டிக். பேசாமல் இருந்தால் 'அமுக்கம்' என்று தானே ஒரு கட்டம் வரைந்து அதிலும் டிக்.

"சனிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுவோம். ஞாயித்துக்கிழமை உன் நாத்தனார் வந்து மெஷினை எடுத்துட்டுப் போகட்டும். அதுதான் உன்னைக் கிளப்பிவிடுது."

தன் உழைப்பில் வாங்கிய மெஷின். மருமகள் வாயை மூடினாலும் டிக். திறந்தாலும் டிக்.

மகள் வருகிறாள் என்றதும் மாமியார் வீட்டைச் சுத்தம் செய்ய இறங்கினார். அந்த வாரம் எழுந்த தூசியில் மூன்று தெருவுக்குச் சூரியன் தெரியவில்லை. மருமகள் ஒரு புதுத் தாள் எடுத்து, தினமும் சாயங்காலம் அதில் அன்று வீட்டில் நடந்ததை அப்படியே எழுதி நீட்டினாள். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

மாமியார் உரக்கப் படித்தார். திங்கள்: மூன்று மணி நேரத் தூக்கம், திரையை அவிழ்த்து, மெத்தையைப் பிரித்து, அடுப்பைக் கழற்றி, ஒன்றையும் முடிக்கவில்லை. செவ்வாய்: இரண்டு காதிலும் இரண்டு போன். புதன்: பதினோரு துடைப்பம் வாங்கியது. கழற்றிப் போட்ட அடுப்பைத் தாண்டி நின்றுதான் இத்தனையும் படித்தார்.

"நல்ல புத்தி உள்ளவ செய்ற வேலையா இது?" என்று தினமும் ஆனந்தமாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவங்களை உடனே பார்க்கணும். யாரு இது?"

மாமியார் மருமகளை முன்னால் தள்ளினார். அப்போதுதான், கல்யாணமான நாளிலிருந்து வாயைச் சாப்பிட மட்டுமே திறந்த மகன் பேசினான்.

"அம்மா, துடைப்பம் வாங்கினது நீதானே?"

மாமியாரின் முகத்தில் ஒரு பூகம்பம் வந்து போனது.

மருமகள் கைப்பையிலிருந்து தன் சொந்தத் தாளை எடுத்தாள். "வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் நாலரை மணி நேரம்தான் தூக்கம் டாக்டர். மூணு துணியை ஒண்ணா வெட்ட ஆரம்பிச்சேன். எனக்கே புரிஞ்சுது. காபியை நிறுத்திட்டு, விளக்கைச் சீக்கிரம் அணைச்சிட்டு, நேத்தே உங்களுக்குப் போன் பண்ணேன்."

"மூணாவது டிக்குக்குக் காத்திருக்காம ரெண்டுலயே போன் பண்ணீங்க, நல்லது. மாத்திரை அளவை இன்னைக்கே மாத்திடலாம்," என்ற டாக்டர் மாமியார் பக்கம் திரும்பினார். "சிரிக்கிறது நோய் இல்லம்மா. காரணத்தோட கோபப்படுறதும் நோய் இல்ல. உங்களுக்கும் ஒண்ணுமில்ல, மக வர்ற பரபரப்புதான். இனிமே கையெழுத்து உங்க மகன் போடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மகள் வண்டியோடு வந்து இறங்கினாள். தம்பி நடந்ததைச் சொன்னான்.

"அம்மாவாவது, கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறதாவது. சுத்தப் புளுகு."

தாளை நீட்டினான். கையெழுத்தை மருமகளே போட்டிருப்பாள் என்றாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா சுவரைப் பார்த்தார். உள்ளே மெஷின் மேல் சாவி இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நடுவே ரேடியோவுக்கு ஒரு சிரிப்பு. யாரும் பேனாவைத் தேடவில்லை.

தாளில் இறங்கிக்கொண்டிருந்த மகளின் விரல் புதன்கிழமையில் நின்றது. வண்டிக்காரரை வெறும் வண்டியோடு திரும்பிப் போகச் சொன்னாள்.

"நடந்திருக்கு," என்றாள். "துடைப்பம் பதினொண்ணு வாங்கினேன், உனக்கு ஒண்ணுன்னு புதன்கிழமை அம்மாதான் குடுத்தனுப்பினாங்க. அது எங்க வீட்டு வாசல்ல நிக்குது."