மெழுகு வைத்த துளை

வாலு என்று வீட்டில் பெயரெடுத்தவள் அன்று இரவு தட்டைத் தொடவேயில்லை.

அம்மாவுக்கு நகராட்சியில் மரங்களைச் சோதிக்கிற வேலை. வெளிநாட்டு மரப்பெட்டிகளோடு வந்திறங்கிய ஒரு வண்டு ஊர் மரங்களை உள்ளிருந்தே குடைந்து தின்றுகொண்டிருந்தது. ஒரு மரத்தில் கண்டாலும் அந்த வரிசை முழுவதையும் வெட்ட வேண்டும் என்பது உத்தரவு. அப்பாவின் சைக்கிள் கடைக்குக் கூரை என்று இருந்ததே அப்படி ஒரு வரிசையின் நிழல்தான்.

விளக்கணைத்த பிறகு வாலு அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்தாள்.

"கழுதை வயசாகுது, இன்னும் பேய் பயமா?"

"கத்த மாட்டேன்னு சொல்லும்மா."

"முதல்ல விஷயத்தைச் சொல்லு. கத்துறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"அப்பா கடை மரத்துல ஓட்டை இருக்கும்மா. ரவுண்டா, பென்சில் நுழையுற அளவு. போன வாரமே பாத்தேன். நீ பாத்தா வெட்டச் சொல்லிடுவியே... மெழுகை உருக்கி ஊத்தி அடைச்சுட்டேன். உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துடும்னு நினைச்சேன்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை.

"அது உள்ள போன வழி இல்லடி. புழுவா உள்ள கிடந்தது, வண்டாகி வெளிய வந்த வழி. ஆள் கிளம்பினப்புறம் கதவைச் சாத்தியிருக்க."

"அப்போ அது இப்ப எங்கம்மா?"

"அதைத்தான் ஒரு வாரமா தேடியிருக்கணும்."

சுவரோரம் திரும்பிப் படுத்திருந்த அப்பா தொண்டையைச் செருமினார். "அந்த மெழுகை நானும் முந்தாநாளே பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பம்ப்பை எடுத்து அந்த இடத்துல சாத்தி வச்சேன்."

"அப்பனும் மகளும் சேர்ந்து என் வேலைக்கே வேட்டு வைக்கப் பாத்தீங்களா!"

அம்மா போனை எடுத்து மேலதிகாரியிடம் தெருவைச் சொன்னாள், மரத்தைச் சொன்னாள். "ஆமா சார், எங்க வீட்டுக்காரர் கடைதான்" என்று அதையும் சொன்னாள்.

விடிந்ததும் நகராட்சி ஆட்கள் வந்து, வெட்ட வேண்டிய மரங்களில் சிவப்புப் பட்டை அடித்தார்கள். டயர் மாட்ட மரத்தில் அறைந்திருந்த கொக்கிகளை அப்பாவே ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார். "தார்ப்பாய் வாங்கிக் கட்டிக்கலாம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

வண்டைத் தேடி அம்மா மகளை அடுத்த தெருவுக்கு இழுத்துப் போனாள். முதல் மரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது உயரமானது. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஏறு."

"நானா?"

"மெழுகு வைக்கத் தெரிஞ்சுதுல்ல? ஏறிப் பாரு. இருந்தா இருக்குன்னு சொல்லு."

வாலு செருப்பைக் கழற்றினாள். முதல் கிளையைப் பிடித்து ஏறினாள்.