ஏணிக்கு ஒரு ஓட்டு

நகர்மன்றத் தேர்தலில் குட்டைக்கு ஏணிச் சின்னம் ஒதுக்கினார்கள் என்றதும் கல்லூரியே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கரும்பலகையின் மேல்வரியை அழிக்க நாற்காலி போட்டு ஏறுகிறவள் அவள். "எட்டாததுக்குத்தானே ஏணி வேணும்? வெச்சுக்கிறேன்" என்று மெஸ் வாசலில் பேசிக் கைத்தட்டும் வாங்கிவிட்டாள். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஆனால் அவள் தேர்தலில் நின்ற காரணம் சிரிக்கிற காரணம் இல்லை. தனியாக இருந்தால் ஒருத்தியைக் குட்டை என்று யார் கூப்பிடப் போகிறார்கள்? பக்கத்துக் கட்டிலில் ஒரு நெட்டை இருந்தாள். நாலு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே திரிந்ததில்தான் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. வாக்காளர் பட்டியலில்கூட ஒரே நாளில் சேர்ந்தார்கள். நெட்டை நானூற்றுப் பதினொன்று, குட்டை நானூற்றுப் பன்னிரண்டு. ஏழு மாதத்துக்கு முன்னால் நெட்டை மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள்.

கல்லூரியின் பின்கேட் சந்தில் வரிசையாகப் பெண்கள் விடுதிகள். அங்கே குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் ஒட்டிப் படுத்திருந்தன. குழாயில் எங்கே ஓட்டை என்று யாருக்குத் தெரியும்? நுண்ணுயிரியல் படிக்கிற குட்டை, தண்ணீரைப் பிடித்துக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தாள். சாக்கடைக் கிருமி அத்தனையும் இருந்தது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு, மூன்று முறை ஜெயித்த கவுன்சிலரைப் பார்க்கப் போனாள். செங்கல் சூளை வைத்திருந்ததால் அவரை எல்லாரும் செங்கல்காரர் என்பார்கள்.

"அந்தப் பொண்ணு செத்தது அவங்க ஊர்லம்மா," என்றார் அவர், தாளைத் தொடாமலே. "நோயையும் ஊர்லேருந்துதான் கொண்டுவந்திருக்கும். நம்ம ஊர்த் தண்ணி தேனு. சரி, நீ எந்த ஊரு?"

குட்டைக்கு வந்ததே ஆத்திரம்! நேராக வெளியே வந்து வேட்புமனு வாங்கிவிட்டாள். ஜெயித்தால் முதல் வேலை குழாயை மாற்றுவது. இன்னொருத்தி படுப்பதற்குள் மாற்றிவிட வேண்டும். வேறு எந்த வாக்கும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

சந்தில் மட்டும் அறுநூறு மாணவிகளின் ஓட்டு. எல்லாரும் போட்டால் செங்கல்காரர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் விதி எப்படி விளையாடியது பாருங்கள். வகுப்பறைகளில் ஓட்டுச்சாவடி அமைக்க வேண்டும் என்று கல்லூரிக்கு ஐந்து நாள் விடுமுறை விட்டார்கள். ஓட்டுப் போடுவதற்காக விட்ட விடுமுறையில் ஓட்டுப் போட வேண்டியவர்கள் எல்லாரும் பெட்டியைக் கட்டினார்கள்.

"ஊருக்குப் போறேன்." அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே குட்டைக்குக் காது புளித்துப்போயிற்று. வாக்களிக்க இந்த ஊர், போய்ச்சேர அந்த ஊர். வருஷத்தில் பத்து மாதம் இருக்கிற ஊரை ஒருத்திகூட ஊர் என்று சொல்லவில்லை.

காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினாள். கெஞ்சினாள், கையைப் பிடித்தாள், திட்டினாள். "ரெண்டே நாள்டி, ஓட்டைப் போட்டுட்டுப் போடி" என்றாள். ஒருத்திக்கு அக்கா நிச்சயம், ஒருத்திக்குப் பல்வலி, ஒருத்திக்கு டிக்கெட்டை ரத்து பண்ண முடியாதாம். காரணங்களை விரல்விட்டு எண்ணி நாற்பதில் நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

நாற்பத்தோராவது ஆளாகத்தான் பூனை வந்தாள். அவளுடைய அறைத்தோழி, முதலாம் ஆண்டு. நெட்டையின் கட்டிலில் இப்போது படுப்பவள் அவள்தான். நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் சத்தம் வராது, அதனால் பூனை.

"அக்கா, நானும் போயிட்டு வரேன்க்கா."

"நீயுமா?"

"உடம்புக்கு முடியலக்கா. ஒரே அசதி. சாப்பாட்டு வாசனையே ஆகல, குமட்டுது. மூணு நாளா மஞ்சளா வேற..."

"போதும்டி!" குட்டை கத்தியதில் நடத்துனரே திரும்பிப் பார்த்தார். "எல்லாருக்கும் இன்னைக்குன்னு பார்த்து உடம்புக்கு வருது! அவ படுத்த கட்டில்ல படுத்துக்கிட்டு நீயே இப்படிப் பண்ணலாமா? ஒரே ஒரு ஓட்டு போட உனக்கு வலிக்குதா?"

பூனை பஸ்ஸில் ஏற்றிய பையை இறக்கிக்கொண்டாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அன்றைக்குக் குட்டையின் கண்ணுக்குக் கண்டதெல்லாம் ஓட்டு. பூனையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வாக்குப்பதிவு அன்று காலை, சாவடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டையின் வகுப்பறையேதான் சாவடி. பூனை முதலில் போய் ஓட்டைப் போட்டுவிட்டு வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து குட்டை சீட்டை நீட்டினாள். மேசையில் இருந்த அதிகாரி யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஸ்கேலைப் பட்டியலில் வைத்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு. சரியா இருக்கும்மா."

குட்டை பன்னிரண்டைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் வரியைப் பார்த்தாள். நானூற்றுப் பதினொன்றின் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"சார், இது என்ன கோடு?"

"ஓட்டுப் போட்டாச்சுன்னு அர்த்தம்."

"யாரு போட்டா?"

"அவங்கதாம்மா. கதவைத் திறந்ததும் முதல் ஆளா வந்தாங்க."

உயிரோடிருக்கிற அறுநூறு பேரில் பாதிகூட வரவில்லை. செத்தவள் விடிந்ததும் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்! குட்டை கையெழுத்துப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நானூற்றுப் பதினொன்றுக்கு எதிரே கட்டைவிரல் ரேகை அப்பியிருந்தது.

"எம்.எஸ்ஸி. படிச்சவ சார்! கைநாட்டு வெச்சிருக்காளா? அடப்பாவிங்களா! அவ செத்து ஏழு மாசம் ஆச்சு. அவளைக் கொன்ன ஆளுக்கே அவ ஓட்டையும் போட்டுட்டாங்களே!"

மூலையில் உட்கார்ந்திருந்த செங்கல்காரரின் ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாத்தியாரின் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல மனுஷர்தான், சத்தத்துக்குப் பயந்தவர்.

"சத்தம் போடாதம்மா. செத்துட்டாங்கன்னா பேரை எடுத்திருப்பாங்களே?"

"எப்படி எடுப்பாங்க? எங்க ஊர்ல யாரும் சாகலன்னுதானே நகராட்சி சொல்லுது!"

"அப்ப எழுதிக் குடு." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "எப்படித் தெரியும், என்ன ஆச்சு, எல்லாத்தையும் முதல்லேருந்து வரிசையா எழுது. நான் வாங்கி முத்திரை போட்டு உள்ள வெக்கிறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

குட்டை நின்றபடியே எழுதினாள். ஏழு மாதமாக ஊரெல்லாம் பேசியவள், இதை மட்டும் ஒரு நாளும் வரிசையாகச் சொன்னதில்லை. பேனா கிழிக்கிற வேகத்தில் தாள் மேசையில் நகர்ந்தது.

வரிசை எண் 411 என் அறைத்தோழி. இறந்துவிட்டார். முதலில் அசதியாக இருக்கிறது என்றாள். பிறகு சாப்பாட்டு வாசனை ஆகவில்லை, குமட்டுகிறது என்றாள். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்றாள். அம்மாவிடம் ஊருக்குப் போகிறேன் என்றாள். நான்தான், இன்னும் இரண்டு நாள்தானே, பரீட்சையை முடித்துவிட்டுப் போ என்று பிடித்து

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

எழுதியதை மேலிருந்து ஒரு தரம் படித்தாள். அசதி. வாசனை. குமட்டல். மஞ்சள். ஊர். இரண்டு நாள். இது நெட்டை சொன்னதா? போன வருஷம் நெட்டை சொன்னது. முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் சொன்னது யார்?

"என்னம்மா, முடிச்சிட்டியா? கையெழுத்துப் போடு," என்றார் வாத்தியார்.

அவள் வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு ஓடினாள். பூனை பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். காலடியில் கொஞ்சம் வாந்தி எடுத்து, அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடி வைத்திருந்தாள், பெருக்குகிற அம்மா திட்டுவாள் என்று. குட்டை அவள் முகத்தை வெயில் பக்கம் திருப்பிக் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் ஏறிக் கிடந்தது. பார்க்கத் தெரிந்தவள், படித்தவள், ஒருத்தியைப் பறிகொடுத்தவள்; ஐந்து நாளாக ஒரே அறையில் இருந்தும் இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஐயோ, ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேக்கா," என்றாள் பூனை. குற்றம் சொல்கிற குரலே இல்லை. "பஸ் ஸ்டாண்டுல சொன்னேனே."

குட்டை பூனையின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுத் தூக்கி நிறுத்தினாள். பூனை அவளைவிட ஒரு சாண் உயரம். பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கியது.

"ஏம்மா! உன் ஓட்டு?" வாத்தியார் வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டார். "இந்த மனுவுல கையெழுத்தாவது போட்டுட்டுப் போம்மா!"

குட்டை திரும்பவில்லை. படி படியாகப் பூனையை இறக்கிக்கொண்டிருந்தாள். "உங்க அம்மா நம்பரைச் சொல்லுடி. முதல்ல ஆஸ்பத்திரி. அம்மாவை வரச் சொல்லுவோம்."

பூனை நம்பரைச் சொல்லவில்லை. மை வைத்த விரலை அவள் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"ஏணிக்குத்தான் போட்டேன்க்கா. இனிமே ஊருக்குப் போகலாமா?"